வியாழக்கிழமை வராதவர்கள்

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே, மெல்பர்ன் நகரின் ரோவில் பகுதியிலிருந்து வந்திருக்கும் டாக்டர் தாட்சாயினியின் மகள் தேஜஸ்வினி அவர்களே, எங்கள் மருத்துவமனைத் தோழர்களே, இந்த ஊரின் புறநகர்களான பென்டில் ஹில்லிலும் செவன் ஹில்ஸிலும் இருந்து புறப்பட்டு, கார் நிறுத்த இடமில்லாமல் மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் உள்ளே வந்து சேர்ந்திருக்கும் பெரியோர்களே, துயரத்தோடு உங்களை வணங்குகிறேன்.

என் பெயர் பார்த்தசாரதி. புற்றுநோய் மருத்துவன். உங்களில் யாரும் சந்திக்க விரும்பாத ஆள். மறைந்த டாக்டர் தாட்சாயினிக்கு எனக்கு அடுத்த அறை. என்னைச் சந்தித்த பிறகு, என்னைவிடவும் நீங்கள் சந்திக்க விரும்பாத ஆள் அவர்.

அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஓர் அறிவிப்பு. சங்கச் செயலாளர் லோஜன் சொல்லச் சொன்னார். இந்த மண்டபத்து விளக்குகள் ஆள் அசைவதைக் கண்டு எரிபவை. கொஞ்ச நேரம் யாரும் அசையாவிட்டால் தாமாகவே அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கவுன்சில் செய்த ஏற்பாடு. சென்ற மாதம் இங்கே நடந்த ஓர் இரங்கல் கூட்டத்தில் மௌன அஞ்சலிக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். தமிழர் வரலாற்றில் முதல் முறையாக ஒரு மௌன அஞ்சலியில் யாருமே அசையவில்லை. மண்டபம் இருண்டுவிட்டது. ஓர் அன்ரி அலறிய அலறலில் மௌனம் முடிவுக்கு வந்தது. அதனால்தான் இன்று அஞ்சலியை நிகழ்ச்சியின் கடைசியில் வைத்திருக்கிறார் லோஜன். "இருட்டினாலும் பரவாயில்லை அங்கிள், அப்பிடியே தேத்தண்ணிக்கு எழும்பிப் போகலாம்" என்றார். விளக்கைப் பற்றிய இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதற்கு வருவேன்.

யார் இந்த டாக்டர் தாட்சாயினி?

பாலியேட்டிவ் கேர் மருத்துவர் என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும். தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். நோயைத் துரத்துவது அந்த மருத்துவத்தின் வேலை அல்ல. நோயோடு இருக்கும் மனிதனுடைய வலியை, மூச்சுத்திணறலை, தூக்கமின்மையை, பயத்தைத் தணிப்பது அதன் வேலை. நம்மவர்கள் அதைச் சாவு வைத்தியம் என்பார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கண்ணால் சொல்வார்கள்.

நான் சிகிச்சை தருகிறவன். மருந்துக்கு நோய் கட்டுப்படாத நாள் ஒன்று வரும். அன்றைக்கு நான் ஒரு வாக்கியம் சொல்வேன். "இனிமே நாங்க செய்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க." எத்தனை அடக்கமான வாக்கியம்! அதைச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடலாம். அந்த வாக்கியத்தைக் கேட்டவர் எங்கே போவார்? வீட்டுக்குப் போவார். வலி தாங்க முடியாதபோது அவசரப் பிரிவுக்கு வருவார். அங்கே ஒரு தள்ளு கட்டிலில் படுக்க வைப்பார்கள். அவரை முன்பின் பார்த்திராத ஓர் இளம் டாக்டர் வந்து, எப்போதிலிருந்து வலி என்று முதலிலிருந்து கேட்பார். இதற்குப் பெயர் நவீன மருத்துவம்.

அந்த வாக்கியத்தை ஒரு நாள் கேட்டுவிட்டுத்தான் டாக்டர் தாட்சாயினி என் அறைக்குள் வந்தார். "சாரதி, செய்யிறதுக்கு ஒண்டும் இல்லையெண்டு சொல்லாதேங்கோ. உங்களுக்கு ஒண்டும் இல்லை. எனக்கு நிறைய வேலை இருக்கு" என்றார்.

இருந்தது. செய்தார். கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் பழைய சாமான்கள் போட்டிருந்த ஓர் அறையைக் கேட்டு வாங்கினார். நடக்க முடியாதவர்களை லிப்ட் ஏறி மூன்றாம் மாடிக்கு வரச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். வியாழக்கிழமைகளில் அங்கே கிளினிக் நடத்தினார். மனிதரே எடுத்துப் பேசும் ஒரு தொலைபேசி எண்ணை நோயாளிகளுக்குத் தந்தார். எங்கள் மருத்துவமனையில் அது ஒரு புரட்சி. கடைசி வாரத்தில் அனுப்பாமல், நோயாளி தன் காலில் நடந்து வரும்போதே தன்னிடம் அனுப்பச் சொன்னார். வலிக்கு மோர்ஃபின் எழுதும் கையோடு மலச்சிக்கலுக்கும் மருந்து எழுதினார். சிரிக்காதீர்கள். வலி போய் வயிறு கட்டிக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், எது பெரிய வைத்தியம் என்று.

மோர்ஃபின் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் நடப்பது உங்களுக்குத் தெரியும். மகன் டாக்டரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போவான். "டொக்டர், அதைத் துவங்கினால் முடிவுதானே?" என்பான். டாக்டர் தாட்சாயினி ஒரு மகனிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "தம்பி, துவங்காட்டிலும் முடிவுதான். துவங்கினால் அதுவரைக்கும் அப்பா நித்திரை கொள்ளுவார்." அந்த மகன் அழுதான். அன்றிரவு அந்த அப்பா தூங்கினார்.

ஆனால் நான் இன்று சொல்ல வந்தது அந்த அறையில் இருந்த ஒரு நாற்காலியைப் பற்றி. டாக்டர் தாட்சாயினி அதைக் கதிரை என்பார். நானும் இன்று கதிரை என்றே சொல்கிறேன்.

முதலில் அந்த அறைக்கு வெளியே காத்திருக்கும் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமைகளில் அங்கே நம்மவர்கள் நிறைந்திருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூடப் புற்றுநோய் கிடையாது. கேட்டுப் பார்த்தால் ஒருவர் சுகர் பார்க்க வந்திருப்பார். இன்னொருவர் நண்பரைக் கூட்டி வந்திருப்பார். நண்பர் எங்கே என்று கேட்டால் கழிவறைப் பக்கம் கையைக் காட்டுவார். நோயைவிட நோய் இருப்பது நாலு பேருக்குத் தெரிவதுதான் நமக்குப் பெரிய ஆபத்து. மகளுக்கு வரன் பார்க்கிறோம். பேரனுக்கு விசா வரவேண்டியிருக்கிறது.

இப்படி ஒரு வியாழக்கிழமை பென்டில் ஹில் தருமராசா ஐயா அந்தக் கூடத்தில் இருந்தார். செவன் ஹில்ஸில் ஒரு கிடங்கில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்வார். பதில் சொல்வதற்கு முன் ஒரு முறை தொண்டையைச் செருமுவார். கதவு திறந்தது. உள்ளே வந்தவர் அவருடைய சம்பந்தி அம்மா, சிவசோதி அன்ரி. தருமராசாவின் மகன் யதுஷனும் அன்ரியின் மகள் பிரியந்தினியும் கணவன் மனைவி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். தப்ப வழியில்லை.

"சம்மந்தி, நீங்கள் இஞ்ச?"

தருமராசா செருமினார். "கால் நோ." கால் வலியாம்.

"ஓ. எனக்கும் கால் நோதான்."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

"எனக்கு இடது."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியிருப்பதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

சிவசோதி அன்ரி இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். இதைச் சொல்லலாமா என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டேன். "சொல்லுங்கோ டொக்டர். ஆனால் கால் நோ எண்டே சொல்லுங்கோ" என்றார். அப்படியே சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் தாட்சாயினி இருவரையும் பிரித்து வைத்தாரா? இல்லை. ஒவ்வொரு முறையும் இருவருக்கும் அடுத்தடுத்த நேரம் கொடுத்தார். இரண்டு மணிக்குத் தருமராசா. அவர் வெளியே வந்ததும் சிவசோதி. மாதக்கணக்கில் இருவரும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசினார்கள், பென்டில் ஹில் கடையில் முருங்கைக்காய் விற்கும் விலையைத் திட்டினார்கள், காலைத் தடவிக்கொண்டார்கள். தருமராசா மெலிந்துகொண்டே வந்தார். அன்ரியின் தலைமுடி விக்காக மாறியது. கால் நோவில் முடி கொட்டுமா என்று தருமராசா கேட்கவில்லை. கால் நோவில் ஆள் பாதியாவாரா என்று அன்ரியும் கேட்கவில்லை.

சபையோரே, இனி நான் சொல்வதை ஒரு மருத்துவன் மேடையில் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன். விளக்கம் சொல்ல மாட்டேன். என்னிடம் விளக்கம் இல்லை.

விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்லக்கூடாது என்பது நம் இரு கரைக்கும் பொதுவான வழக்கம். எங்கள் ஊர்ப் பக்கம் 'போயிட்டு வர்றேன்' என்போம். ஈழத்தில் 'போட்டு வாறன்' என்பார்கள். திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். நாம் அதை யோசிக்காமல் சொல்கிறோம். பால் வாங்கப் போகும்போதும் சொல்கிறோம். டாக்டர் தாட்சாயினி அதை யோசித்தார். அடுத்த நேரத்தைக் குறித்துக் கொடுக்காமல் எந்த நோயாளியையும் அவர் எழுந்திருக்க விட்டதில்லை. எத்தனை மோசமான நிலையில் இருந்தாலும் சரி. நேரம் குறிப்பார். நோயாளி வாசலில் நின்று "போட்டு வாறன் டொக்டர்" என்பார். அவர் எழுந்து நின்று "வாங்கோ" என்பார். அத்தோடு அது ஓர் ஒப்பந்தம்.

தருமராசா ஐயாவும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போனார். அடுத்த சந்திப்புக்கு முன்பே வீட்டில், தன் கட்டிலில், வலியில்லாமல் இறந்தார். சாவு வீட்டுக்கு நானும் போனேன். டாக்டர் தாட்சாயினியும் வந்தார்.

தருமராசாவுக்குக் குறித்த வியாழக்கிழமை வந்தது. இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர் ஒரு நோயாளியைப் பற்றிக் கேட்க நான் டாக்டரின் அறைக்குப் போனேன். அவர் தனியாக இருந்தார். கணினி மூடியிருந்தது. கை இரண்டையும் மடியில் வைத்து, எதிரே இருந்த கதிரையைப் பார்த்தபடி இருந்தார். கதிரை கொஞ்சம் ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தது. தருமராசா அப்படித் திருப்பிப் போட்டுத்தான் உட்கார்வார். வெளியே நிற்கும் கார்களைப் பார்க்க அவருக்குப் பிடிக்கும்.

"ப்ரீயா இருக்கீங்களா?" என்றேன்.

"இல்லை சாரதி. தருமராசா ஐயாவின்ர நேரம்."

 எனக்குப் போகத் தோன்றவில்லை. கதவோரம் இருந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். இருவரும் பேசவில்லை. அசையவும் இல்லை. அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

எங்கள் அறை விளக்குகளும் இந்த மண்டபத்து விளக்குகளைப் போன்றவைதான். அசையாவிட்டால் அணைந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போதே அணையும். நாள் முழுவதும் நாங்கள் தலைக்கு மேலே கையை ஆட்டிக்கொண்டே வேலை செய்கிறோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு யாரையோ வழியனுப்புகிற மாதிரி இருக்கும். அன்றைக்கு அந்த விளக்கு அணையவில்லை. தருமராசாவின் நேரம் முடியும் வரை அணையவில்லை. நேரம் முடிந்ததும் டாக்டர் எழுந்து நின்று, கதவைப் பார்த்து, "வாங்கோ" என்றார். உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் விளக்கு அணைந்தது.

மறுநாள் மின்சாரம் பார்க்கிறவரிடம் கேட்டேன். "சென்சார் ரொம்ப நுணுக்கமானது, காற்றில் திரைச்சீலை அசைந்தால்கூட எரியும்" என்றார். நல்ல விளக்கம். அந்த அறையில் திரைச்சீலை கிடையாது.

டாக்டர் தாட்சாயினியிடமும் கேட்டேன். "நீங்க இதையெல்லாம் நம்புறீங்களா?"

"நம்புறதுக்கு என்ன இருக்கு? வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். இருப்பன் எண்டு நான் சொன்னனான். அவர் வாறதும் வராததும் அவற்ர பாடு. அந்த நேரத்துக்கு நான் இல்லாட்டி, அது என்ர பொய்."

சபையோரே, எத்தனை மாநாடுகளுக்குப் போயிருக்கிறேன். நோயாளியை மையப்படுத்திய சேவை என்று எத்தனை ஸ்லைடுகள் பார்த்திருக்கிறேன். இறந்த நோயாளிக்கும் நேரம் தவறாத ஒரு டாக்டரை எந்த மாநாட்டில் பார்த்தேன்? எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தேன்?

அன்று நடந்தது அதோடு முடியவில்லை. அடுத்த நேரம் சிவசோதி அன்ரியுடையது. அன்ரி கதவைத் தட்டி, தலையை மட்டும் நீட்டினார்.

"உள்ளுக்கு ஆரும் இருக்கினமோ?"

"ஓம். நீங்களும் வந்து இருங்கோ" என்றார் டாக்டர்.

அறையில் நோயாளிக்கும் கூட வருபவருக்குமாக இரண்டு கதிரைகள் உண்டு. அன்ரி ஜன்னல் பக்கக் கதிரையைப் பார்த்தார்.  மற்றக் கதிரையில் உட்கார்ந்தார். காலியான கதிரையைப் பார்த்துச் சொன்னார்.

"சம்மந்தி, எனக்கும் அதுதான்."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். கதவைச் சாத்தும்போது உள்ளே யாரோ ஒரு முறை தொண்டையைச் செருமியது கேட்டது. அன்ரிக்கு அன்று சளி இருந்திருக்கலாம்.

அதுவரை வலி மருந்தைத் தொட மாட்டேன் என்றிருந்தவர் அன்ரி. மருந்துப் போத்தலை வீட்டில் மகள் பார்த்துவிட்டால், மகள் கணவனிடம் சொல்லிவிட்டால், கணவன் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டால் என்ன ஆவது? அந்த அப்பா போய்விட்ட பிறகு, அவரிடமே வாய்விட்டுச் சொல்லிவிட்ட பிறகு, ஒளிப்பதற்கு யார் இருக்கிறார்கள்? அன்று மாலை அன்ரி மகளிடம் சொன்னார். பிரியந்தினி இரண்டு வார்த்தைதான் சொன்னாராம். "தெரியும் அம்மா." அன்றிலிருந்து அன்ரி மருந்து எடுக்கிறார். நித்திரை கொள்கிறார். இன்றைக்கு நம்மோடு இருக்கிறார்.

இதையே டாக்டர் தாட்சாயினி ஒரு முறையாக்கினார். இறந்தவருக்குக் குறித்த கடைசி நேரத்தை அவர் ரத்துச் செய்வதில்லை. வீட்டில் உள்ளவர்கள் விரும்பினால் வரலாம். வந்தார்கள். மனைவி வந்தார், கேள்வி கேட்கக் கூச்சப்பட்டிருந்த மருமகன் வந்தார், சண்டை போட்டுக்கொண்டு பிரிந்திருந்த தம்பி வந்தார். மற்றக் கதிரையில் உட்கார்ந்தார்கள். அந்த நேரங்களில் ஜன்னல் பக்கக் கதிரையில் அவர்களில் யாரும் உட்கார்ந்ததில்லை. உட்காராதே என்று யாரும் சொன்னதும் இல்லை.

இத்தகைய ஒரு சேவையை எங்கள் நிர்வாகம் எப்படிப் பாராட்டியது?

மருத்துவமனையில் வராதோர் விகிதம் என்று ஒன்று உண்டு. நேரம் குறித்துக்கொண்டவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வராமல் போகிறார்கள் என்ற கணக்கு. வியாழக்கிழமைக் கிளினிக்கின் வராதோர் விகிதம் மருத்துவமனையிலேயே உயர்ந்தது. காரணம் எளிது. வராதவர்கள் இறந்துவிட்டார்கள். நிர்வாகம் அதை ஒரு காரணமாக ஏற்கவில்லை. வர முடியாதவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் அறிவித்திருக்க வேண்டும் என்பது விதி. நினைவூட்டும் குறுஞ்செய்திகளை அதிகமாக அனுப்பும்படி ஆலோசனை சொன்னார்கள். இறந்தவர்களின் கைப்பேசிகளுக்கு அவை போயின. எங்களுக்குத் தெரிந்து யாரும் பதில் போடவில்லை. ஒருவரைத் தவிர. அவருடைய பேத்தி கைப்பேசியை வைத்து விளையாடியிருக்க வேண்டும். 'ஆம், வருகிறேன்' என்பதற்கான எண்ணை அழுத்தியிருந்தாள். அந்தக் குடும்பத்தில் பேத்தி இல்லை என்று பிறகு தெரிந்தது. அதை விடுங்கள்.

கிளினிக்கை மூடலாமா என்று பார்த்துவர ஓர் அதிகாரி அம்மையார் வந்தார். நல்லவர், சுறுசுறுப்பானவர். ஒரு காலி நேரத்தில் தான் வந்து உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். அறைக்குள் வந்ததும் ஜன்னல் பக்கக் கதிரையில் உட்கார்ந்தார். டாக்டர் தாட்சாயினியும் கூட இருந்த நானும் தடுக்கவில்லை. 

"டாக்டர், பயன்படாமல் கிடக்கும் நேரம் என்பது ஒரு வளம்..." என்று அம்மையார் தொடங்கினார். நிறுத்தினார். பக்கவாட்டில் பார்த்தார். எழுந்தார். "மன்னிக்கவும்" என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. கதிரையைப் பார்த்துச் சொன்னார். பாவாடையைச் சரிசெய்துகொண்டு மற்றக் கதிரைக்கு மாறினார். விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தைத் தொடர முயன்றார். முடியவில்லை. குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார், ஆஸ்பத்திரியில் தூங்குகிறவருக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி.

போகும்போது வாசலில் என்னிடம் கேட்டார். "ஏன் எழுந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"எனக்கும் தெரியவில்லை" என்றார்.

கிளினிக்கை மூடும் முடிவு ஒத்திவைக்கப்பட்டது. அறைக்கு இன்னும் ஒரு கதிரை தேவை என்று அவர் பரிந்துரை செய்ததாகக் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு டாக்டர் தாட்சாயினிக்கே நோய் வந்தது. பரிசோதனை முடிவைப் பார்த்தவன் நான். என் வழக்கமான வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார். "வேண்டாம் சாரதி. எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம்" என்றார். ஒளிக்கவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் சொன்னார். கேட்டவர்கள்தான் நம்பவில்லை. "ஒண்டும் இருக்காது டொக்டர். மெலிஞ்சிருக்கிறியள், அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார்கள். வாழ்நாள் முழுவதும் நம் வீட்டுப் பொய்களோடு போராடியவரிடம், அவருக்கே அந்தப் பொய்யைப் பரிமாறினோம். அவர் சிரித்தார். "கால் நோ எண்டு சொல்லியிருந்தால் நம்பியிருப்பினம்" என்றார்.

வியாழக்கிழமைக் கிளினிக்கை நான் பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். அவர் அங்கே நோயாளியாக வந்தார். தன் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். ஜன்னல் பக்கக் கதிரையில்தான் உட்கார்ந்தார். அதற்கு முன் கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ அனுமதி கேட்பது போல இருந்தது. பிறகு தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

என்னுடைய தவறுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார். நான் வலியைப் பற்றி மட்டும் கேட்டதாகவும் பயத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்றும் சொன்னார். கேட்டேன். "சாவுக்குப் பயம் இல்லை. இந்த அறையை மறுபடியும் சாமான் அறையாக்கிப் போடுவினமோ எண்டுதான் பயம். சிவசோதி அன்ரி மாதிரி இன்னும் எவ்வளவு சனம் கால் நோவோட வரப்போகுது. அதுகள் எங்க போகும்?" என்றார்.

இறுதியாக வந்த நாளில் அடுத்த நேரத்தை அவரே சொன்னார். "இரண்டு மணி போடுங்கோ. ஐயாவின்ர நேரம்." மகள் தேஜஸ்வினி சக்கர நாற்காலியைத் தள்ளினார். டாக்டர் வாசலில் நிறுத்தச் சொல்லித் திரும்பிப் பார்த்தார்.

"போட்டு வாறன் சாரதி."

நான் எழுந்து நின்றேன். "போயிட்டு வாங்க" என்றேன்.

"போயிட்டெல்லாம் வேண்டாம். வாங்கோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"வாங்கோ" என்றேன்.

வரும் வியாழக்கிழமை இரண்டு மணி, அந்த நேரம்.

நேற்று அதிகாரி அம்மையார் கூப்பிட்டார். முதலில் அனுதாபம் சொன்னார். பிறகு கிளினிக்கைப் பற்றிய முடிவை இனியும் தள்ள முடியாது என்றார். டாக்டரும் இல்லை, நோயாளிகளும் வருவதில்லை என்று மேலே பேசுகிறார்களாம். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு நேரில் வந்து பார்த்து முடிவெடுப்பதாகச் சொன்னார். அந்த நேரத்தில் யாரும் பதிவாகியிருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். பெயரைக் கேட்டார். டாக்டர் தாட்சாயினி என்று சொன்னேன்.  ரத்துச் செய்யச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "நான் எங்கே உட்கார வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே சபையோரே, இரங்கல் கூட்டத்தில் சபதம் எடுப்பது வழக்கம். சிலை வைப்போம், மலர் வெளியிடுவோம், ஆண்டுதோறும் நினைவுப் பேருரை நடத்துவோம் என்போம். டாக்டர் தாட்சாயினிக்குச் சிலை வேண்டாம். சிலை அசையாது. விளக்கு அணைந்துவிடும்.

நான் சொல்கிறேன், என்னோடு சேர்ந்து நீங்களும் மனதுக்குள் சொல்லுங்கள். அந்த அறையைச் சாமான் அறையாக விட மாட்டோம். இனி ஒவ்வொரு கடைசி நேரமும் இறந்தவர் விட்டுச்சென்ற உறவினரின் பெயரிலும் பதிவாகும், அவர் வருவார், எந்த நிர்வாகமும் அதை வராதோர் கணக்கில் எழுத முடியாது. இந்த வியாழக்கிழமை இரண்டு மணிக்கு, டாக்டரின் பெயருக்குக் கீழே தேஜஸ்வினியின் பெயரையும் இன்று பதிவு செய்திருக்கிறேன். அதற்காக மெல்பர்ன் திரும்புவதைத் தள்ளி வைத்திருக்கிறார். அடுத்த நேரம் சிவசோதி அன்ரிக்கு. கூடத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அதிகாரி அம்மையார் தம் கண்ணால் பார்க்க வேண்டும். சுகர் பார்க்க வந்தவர்களும், நண்பரைக் கூட்டி வந்தவர்களும், கால் நோக்காரர்களும் வாருங்கள். ஒருமுறை மட்டும், எதற்காக வந்தோம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். அதைவிடப் பெரிய அஞ்சலியை அவர் கேட்டதில்லை. அறைக்குள் வருபவர்கள் எந்தக் கதிரையிலும் உட்காரலாம், ஜன்னல் பக்கக் கதிரையைத் தவிர.

லோஜன் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன்.

இப்போது மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நிற்போம். இந்த முறையும் யாரும் அசைய வேண்டாம். கைப்பேசியை எடுக்க வேண்டாம். குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் விளக்குகள் அணைந்தால், பயப்படாதீர்கள், அது கவுன்சில் செய்த ஏற்பாடு.

அணையாவிட்டால், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். வாசல் பக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருக்கிறது. நான்தான் போடச் சொன்னேன்.

வாங்கோ டாக்டர்.